புது டூரிங் வண்டிகளின் மூஞ்சி நல்லா இல்லை என்கிறார்களே, வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பெங்களூர் அல்லது சென்னை, நடுவில் ஏலகிரி, ஜவ்வாது மலை, வருஷத்துக்கு ஒரு நெடும்பயணம். பாதிப் பயணங்களில் மனைவி பின்னால் இருப்பார். ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், டிவிஎஸ் ஆர்டிஎக்ஸ் 300, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 என்று ஐந்து பைக்குகளைக் குறித்து வைத்திருக்கிறார். எதைக் காட்டினாலும் யாராவது ஒருத்தர் "மூஞ்சி நல்லா இல்லப்பா" என்கிறாராம். லுக்கை வைத்து முடிவெடுப்பது தப்பா, நாலு வருஷம் கழித்தும் இந்த லுக் பிடிக்குமா என்பது கேள்வி.

தப்பே இல்லை. இரண்டு மூன்று லட்சம் கொடுத்து வாங்குகிற சாமான் கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊரே மூஞ்சியைப் பற்றித்தான் பேசுகிறது. ஓட்டுகிறவர் கண்ணில் விழாத பாகமே அதுதான். மணிக்கணக்கில் உங்கள் கண்ணெதிரே இருக்கப்போவது மீட்டர், ஹேண்டில்பார், டேங்கின் மேல்பக்கம், முன் கண்ணாடியின் விளிம்பு. தினமும் கழுவித் துடைக்கும்போது பார்க்கப்போவது பெயின்ட், கருப்பு பிளாஸ்டிக், சக்கரம். அதனால் ஒவ்வொரு வடிவத்தையும் பார்த்து "இது என்ன வேலைக்காக இப்படி இருக்கிறது, அந்த வேலை எனக்கு உண்டா?" என்று கேளுங்கள். வேலை இருந்தால் அந்த வடிவம் ஆறு மாதத்தில் பழகிவிடும். வெறும் வேஷமாக ஒட்டவைத்தது முதலில் கவர்ந்தாலும் இரண்டாம் வருஷம் உறுத்தத் தொடங்கும்.

வேலூரில் இந்தப் பேச்சைக் கேட்டால் கட்சிகள் தெளிவாகத் தெரியும். விஐடி பக்கம், காட்பாடி ரோட்டில் சுற்றும் பையன்களுக்குக் கூர்மையான கோடு, ஆரஞ்சு நிறம், உயரமான முன்பக்கம் வேண்டும். கேடிஎம் அவர்கள் கட்சி. பெங்களூரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு ஊருக்கு வருகிறவர்களில் ஹிமாலயன்காரர்கள் அதிகம். பெட்டி மாட்டி, சேறு பூசிக்கொண்டு நிற்கும் வண்டியே அவர்களுக்கு அழகு. நாற்பதைத் தாண்டியவர்கள் ஆர்எக்ஸ் 100, யெஸ்டி பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டுமே 1996-உடன் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். உருண்டை ஹெட்லைட், நீர்த்துளி மாதிரி டேங்க், கண்ணுக்குத் தெரிகிற என்ஜின் இல்லாவிட்டால் அது வண்டியே இல்லை என்பார்கள். சூப்பர் மீட்டியாரைக் கண்டதும் அவர்கள் முகம் மலரும். ஆலங்காயம், ஒடுகத்தூர் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் லுக் பேச்சே வராது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்ப்பார்கள். அவரவர் ஓட்டுகிற ரோட்டுக்கு அவரவர் சொல்வது சரி. உங்கள் ரோடு இந்த நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தது என்பதால்தான் குழப்பம்.

வெளிவந்தபோது திட்டு வாங்கிய முகங்கள் பிறகு என்ன ஆயின என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். பிஎம்டபிள்யூ 1980-இல் ஆர் 80 ஜி/எஸ் கொண்டுவந்தபோது, பெரிய என்ஜினை மண் ரோட்டு வண்டியில் வைப்பதே விநோதமாக இருந்தது. 1999-இன் ஆர் 1150 ஜிஎஸ்ஸில் ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக ஹெட்லைட் வைத்தார்கள். கேலிக்குக் குறைவில்லை. பிறகு அந்த மாறுகண்ணே ஜிஎஸ்ஸின் அடையாளம் ஆனது. 2023-இல் ஆர் 1300 ஜிஎஸ் அதை விட்டுவிட்டு எக்ஸ் வடிவ விளக்கோடு வந்ததும், பழைய மூஞ்சிதான் அழகு என்று புலம்பியவர்கள் பலர். முதல் நாள் அபிப்பிராயத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

வி-ஸ்ட்ராமின் மூக்கும் அப்படி ஒரு பழைய கதைதான். ஹெட்லைட்டுக்குக் கீழே கிளி அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதிக்கு மூலம் 1988-இன் சுசுகி டிஆர் 750 எஸ், டிஆர் பிக் என்று அழைக்கப்பட்ட வண்டி. மண் ரோட்டு வண்டிகளில் முன் மட்கார்டை உயர்த்தி வைப்பதற்குக் காரணம், தாழ்வாக இருந்தால் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். இன்றைய டூரிங் வண்டிகள் பலவற்றில் மேலே மூக்கும் உண்டு, கீழே டயரை ஒட்டி வழக்கமான மட்கார்டும் உண்டு. சேற்றைத் தடுக்கும் வேலையைக் கீழே இருப்பது பார்த்துக்கொள்வதால் மேலே உள்ள மூக்கு பெரும்பாலும் குடும்ப அடையாளம். கெடுதல் ஒன்றும் செய்யாது. ஆனால் "மூக்கு இருக்கிறது, ஆகவே ஆஃப்ரோடு வண்டி" என்று நினைத்துவிட வேண்டாம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் நல்ல ரோட்டு வண்டி: 249 சிசி, 167 கிலோ, முன்னால் 19 அங்குலச் சக்கரம்.

கேடிஎம் 390 அட்வென்ச்சரின் 2025 மாடல் மீதுதான் வசவு அதிகம். ஏர்கூலர் என்கிறார்கள், வெட்டுக்கிளி என்கிறார்கள். அந்த உயரமான நிமிர்ந்த முன்பக்கமும் மேலும் கீழுமாக வைத்த விளக்குகளும் டகார் என்ற பாலைவன நெடும்பந்தயத்தின் ராலி வண்டிகளிலிருந்து வந்தவை. 2001 முதல் 2019 வரை அந்தப் போட்டியில் தொடர்ந்து 18 தடவை ஜெயித்தது கேடிஎம். ராலி வண்டியில் ஓட்டுகிறவர் நின்றுகொண்டே வழி பார்க்க வேண்டும். அதற்காக ரோடுபுக் என்ற வழிக்குறிப்புக் காகிதச் சுருளும் கருவிகளும் ஒரு கோபுரம் மாதிரி கண்மட்டத்துக்கு ஏற்றி வைக்கப்படும். அதை மூடத்தான் அந்த உயரக் கண்ணாடி. 390-இல் சுருள் இல்லை, ஆனால் அதே இடத்தில் நிமிர்ந்த டிஎஃப்டி திரை இருக்கிறது. மேப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியதில்லை. பள்ளிகொண்டா டோல் தாண்டி லாரிகளுக்கு நடுவில் போகும்போது இந்த வசதியின் அருமை தெரியும். ஆகவே அந்த மூஞ்சி வேலைக்கு வந்ததுதான். பழகிவிடும் என்பது என் கணிப்பு.

ஹிமாலயனில் சண்டை வேறு மாதிரி. அங்கே பழைய ஹிமாலயன்காரர்களே புதியதைத் திட்டுகிறார்கள். 2016-இல் வந்த 411-இல் டேங்குக்கு இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் இருந்தது, பெட்ரோல் கேன் மாட்டுவதற்காக. ஏர்கூல்டு என்ஜினில் சூடு இறங்குவதற்கான தகடுகள், அதாவது துடுப்புகள், வெளியே தெரிந்தன. மொத்தத்தில் ஏதோ பட்டறையில் செய்தது மாதிரி ஒரு எளிமை. 2023-இல் வந்த 450-இல் லிக்விட் கூலிங், ரேடியேட்டர், குழாய்கள், 17 லிட்டர் டேங்க். வலுவும் 24 பிஎச்பியிலிருந்து 40-க்கு ஏறியது. அழகு போய்விட்டது என்பவர்கள் துடுப்புகளைத் தேடுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பிச் சட்டம் உயரமானவர்களின் முழங்காலில் இடித்ததை யாரும் இப்போது பேசுவதில்லை. புதியதில் டேங்க் பின்னால் ஒடுங்கி வருவதால் நின்று ஓட்டும்போது முழங்கால் நன்றாகக் கவ்வும். அதுவும் வடிவம்தான்.

ஓசூர் டிவிஎஸ்ஸின் ஆர்டிஎக்ஸ் 300, 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி, 36 பிஎஸ், 180 கிலோ. எல்லா வண்டியின் சாயலும் இருக்கிறது, தனக்கென்று முகம் இல்லை என்பது அதன் மீதான புகார். நியாயமான புகார்தான், ஆனால் திட்டும்படியாக ஒன்றுமில்லாத முகம் சீக்கிரம் சலிப்பதும் இல்லை.

சூப்பர் மீட்டியார் 650-ஐப் பற்றி அழகில் விவாதமே இல்லை, எல்லோருக்கும் பிடிக்கும். பிடிப்பதற்குக் காரணமான தாழ்வும் நீளமும்தான் அதன் தொல்லையும். சீட் உயரம் 740 மி.மீ., உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் அழுந்தும். எடை 241 கிலோ. தாழ்வான பின்பக்க லுக்குக்காகப் பின் ஷாக்கின் நகர்வு 101 மி.மீ.-இல் நிற்கிறது. தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி 135 மி.மீ. ஆறுவழிச் சாலையில் ராஜா. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில், ஊருக்கு ஊர் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட ஸ்பீடு பிரேக்கரில், இரண்டு பேர் ஏறிய வண்டி அடி தட்டும். கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளத்தில் எழுந்து நின்று அதிர்ச்சியை வாங்கவும் முடியாது, முழு அடியும் முதுகெலும்புக்குப் போகும்.

இனி நீங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

முதலில் உயரம், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் பெரிய தயக்கமாக இருக்கும். சீட் உயர எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கனமான ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் சைக்கிள் சீட் மாதிரி அழுத்தி, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி வரை உங்கள் கால் நீளம். ஐந்தடி ஐந்தங்குலக்காரருக்குப் பெரும்பாலும் 74 முதல் 77 செ.மீ. வரும். ஹிமாலயன் 825 மி.மீ., கேடிஎம் 830, வி-ஸ்ட்ராமும் ஆர்டிஎக்ஸும் 835. எல்லாமே உங்கள் காலைவிட உயரம். ஆனால் நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தாழும். 200 மி.மீ. நகர்வுள்ள வண்டியில் அது 50, 60 மி.மீ. வரை போகும். பூட்ஸின் அடி இன்னொரு 25 மி.மீ. கொடுக்கும். மீதியைத் தீர்மானிப்பது சீட்டின் முன்பக்க அகலம். ஒடுங்கிய சீட்டில் தொடை நேராக இறங்கும், அகலமான சீட்டில் விரிந்து போகும். அதனால் எண்ணில் உயரமான வண்டி சில சமயம் காலுக்குத் தாழ்வாக இருக்கும். இரண்டு முன்பாதமும் ஊன்றினாலோ, ஒரு கால் முழுதாகவும் மறு கால் பெடலிலும் இருந்தாலோ போதும். ஹிமாலயனுக்கு 805 மி.மீ.-க்கு இறங்கும் லோ சீட் கம்பெனியிலேயே கிடைக்கிறது. வெளியில் சீட் தைக்கும் கடையில் ஃபோமை அறுத்துத் தாழ்த்துவதானால் 20, 25 மி.மீ.-க்கு மேல் எடுக்க விடாதீர்கள். அதற்கு மேல் எடுத்தால் ஆற்காடு தாண்டுவதற்குள் அடித்தட்டு உட்காரும் எலும்பில் தட்டுப்படும்.

அடுத்தது முன் கண்ணாடி. புகைப்படத்தில் லுக்கைக் கெடுப்பதாக அதிகம் திட்டப்படுவதும், பயணத்தில் அதிகம் மாறுபடுவதும் இதுதான். கண்ணாடி மிகச் சிறிதாக இருந்தால் காற்று மார்பில் சீராக அடிக்கும், களைப்பாக இருக்குமே தவிர ஹெல்மெட்டில் சத்தம் குறைவு. நன்றாக உயர்ந்திருந்தால் காற்று தலைக்கு மேல் போய்விடும். தொல்லை நடுத்தர உயரத்தில்தான். விளிம்பில் உடைந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதி, தலையைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கும். சோதிப்பது சுலபம்: நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது மெதுவாக நிமிர்ந்து பெடலில் அரைவாசி எழுங்கள், பிறகு நாலு விரல்கட்டை குனியுங்கள். எழும்போது சத்தம் சீரானால் உங்களுக்கு இன்னும் சிறிய கண்ணாடி வேண்டும். குனியும்போது அமைதியானால் இன்னும் உயரமானது, அல்லது மேலே மாட்டும் சிறு தடுப்பு வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே பார்த்து ஓட்டும்படி உயரம் வைக்கக் கூடாது. அதன் விளிம்புக்கு மேலே ஐந்தாறு செ.மீ. உயரத்தில் உங்கள் பார்வை போக வேண்டும். இல்லாவிட்டால் மழை இரவில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறி ஒன்றும் தெரியாது. இன்னொன்று, நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் உயரக் கண்ணாடி நெஞ்சுக்கு வரும் காற்றையும் அடைத்துவிடும். கழற்றி மாட்ட வசதியுள்ள கண்ணாடியாக இருந்தால் மே மாதத்துக்குச் சின்னது, நெடும்பயணத்துக்குப் பெரியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி என்கிறோமே தவிர அது பாலிகார்பனேட். காய்ந்த துணியால் பூச்சியைத் தேய்த்தால் அன்றைக்கே கோடு விழும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பெட்ரோலும் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் வலை மாதிரி ஓடிவிடும்.

சக்கரத்தில் கண்ணுக்கும் காலுக்கும் சண்டை. 21 அங்குல முன்சக்கரமும் ஸ்போக்கும் இருந்தால்தான் அட்வென்ச்சர் வண்டி கெத்தாகத் தெரியும், மறுக்க முடியாது. பெரிய சக்கரம் குழியில் விழாமல் ஏறிப் போகும், கல் ரோட்டில் ஸ்போக் வளைந்து கொடுக்கும். ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் 19 அங்குலம் சீக்கிரம் திரும்பும். டியூப் உள்ள ஸ்போக் சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ஹிமாலயனின் 90/90-21 டியூப் ரோட்டோரக் கடை எல்லாவற்றிலும் இருக்காது. டியூப்லெஸ்ஸானால் திரி சொருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹிமாலயன் வாங்கினால் டியூப்லெஸ் ஸ்போக் உள்ளதையே எடுங்கள். கேடிஎம்மில் அலாய் போட்ட 390 அட்வென்ச்சர் எக்ஸ் என்ற 19 அங்குல மாடல் உண்டு. லுக்கில் ஒரு படி குறைவு என்று பையன்கள் ஒதுக்குகிறார்கள். உங்கள் ரோட்டுக்கு அதுதான் பொருத்தம்.

நிறத்தைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை. ஷோரூமில் மேட் ஃபினிஷ் மாதிரி மயக்குவது எதுவுமில்லை. ஆனால் மேட் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும். வேக்ஸும் கூடாது. பெட்ரோல் துளி விழுந்தால் உடனே துடைக்க வேண்டும். இதெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவானது. வேலூரில் கூடுதல் சிக்கல் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், கருப்பு மேட்டில் அது நன்றாகவே தெரியும். சாயங்காலம், வண்டி சூடு ஆறியதும், நிழலில் கழுவி மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

ஹிமாலயனில் எல்லோரும் கேட்பது தங்க நிற ரிம் போட்ட ஹான்லே பிளாக். (லடாக்கின் ஹான்லேயில் விண்நோக்கு நிலையம் நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி நிலையத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான்.) பார்க்க அழகு, ஆனால் பாலாற்று மணல் தூசிக்குக் கருப்பைவிட மோசமான நிறம் கிடையாது. வெள்ளை, வெளிர் சாம்பல், காஸா பிரவுன் மாதிரி மண் நிறங்கள் தூசியை மறைக்கும், நிழலில்லாத இடத்தில் நிறுத்தினால் டேங்கும் அவ்வளவு கொதிக்காது. ஸ்டிக்கர் அதிகமுள்ள வண்டியானால் சிவப்பு முதலில் வெளுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெயின்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் டூரிங் வண்டிகளில் நிறைய. கீறினாலும் தெரியாது என்பதற்காக அப்படி விடுகிறார்கள், நல்ல யோசனைதான். வெயிலில் நின்றால் ஒன்றிரண்டு வருஷத்தில் சாம்பல் பூத்துவிடும். வாட்டர் சர்வீஸில் டீசலைத் தடவிப் பளபளப்பாக்கிக் கொடுப்பார்கள், வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்களை ஊறவைக்கும், டிஸ்க்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் வழுக்கும். யூவி தடுப்புள்ள பிளாஸ்டிக் டிரிம் திரவம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். பிரஷர் பம்பை ரேடியேட்டருக்கு நேராகப் பிடிக்கவும் விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் போகாமல் சூடேறும்.

இப்போது பெட்டிகள். டூரிங் வண்டியின் லுக்கைப் பெட்டியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஷோரூமில் ஒல்லியாக நிற்கும் வண்டி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டியதும் வேறு வண்டி ஆகிவிடும். சைலன்சர் உயரமாக இருக்கும் வண்டிகளில் அந்தப் பக்கப் பெட்டி வெளியே தள்ளி நிற்கும், பின்னாலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரியும். பெட்டி ஹேண்டில்பாரைவிட அகலமானால் அண்ணா சாலையில் ஆட்டோக்களுக்கு நடுவில் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் மாட்டிக்கொள்ளும். அலுமினியத்துக்குப் பதில் துணிப் பை போதும் என்பது என் அபிப்பிராயம். கனமானதைப் பக்கப் பையில் கீழாக, முன்னால் தள்ளி வையுங்கள். டாப் பாக்ஸில் ரெயின்கோட், கேமரா மாதிரி லேசானவை மட்டும். பின் அச்சுக்கும் பின்னால் உயரத்தில் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி, 80-க்கு மேல் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும். டயரைக் குறை சொல்லி மாற்றியும் தீராத நடுக்கத்துக்குப் பல தடவை காரணம் இதுதான். சூப்பர் மீட்டியாருக்குத் தோல் பைதான் அழகு. ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆட்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை: சைலன்சரிலிருந்து விலகி நிற்கத் தாங்கி வேண்டும், மழையில் நனைந்தால் நிழலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை.

பின்பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்று நம்பர் பிளேட் தாங்கியையும் சேலை கார்டையும் கழற்றிவிடுவது இன்னொரு வழக்கம். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க பெடல், பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி. சட்டத்தை விடுங்கள், துப்பட்டா ஸ்போக்கில் சுற்றினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. தாங்கி இல்லாவிட்டால் மழையில் சேறு நேராக மனைவியின் முதுகில் அடிக்கும். பக்கப் பெட்டியைத் தாங்கும் கம்பிச் சட்டமான ஸ்டே மாட்டும்போது சேலை கார்டைக் கழற்றச் சொல்லும் கடைகள் உண்டு. இரண்டும் சேர்ந்து உட்காரும் ஸ்டே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

விளக்கு பற்றிச் சுருக்கமாக. எந்த வடிவ எல்இடியானாலும் வெள்ளை வெளிச்சம் மலை மூட்டத்தில் திருப்பி அடிக்கும். கூடுதல் விளக்கு போடுவதானால் 20 வாட் இரண்டு தாராளம், மஞ்சள் கண்ணாடியோடு, ஹெட்லைட்டுக்குக் கீழே. இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர்தான் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி வயரில் இழுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டி போகும்.

விலையிலும் ஒரு கணக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. உங்கள் பட்டியலில் வி-ஸ்ட்ராமும் ஆர்டிஎக்ஸும் ஒரு பக்கம், மற்ற மூன்றும் மறு பக்கம். அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு, ஜாக்கெட், பைகள் எல்லாம் வந்துவிடும். ஜாக்கெட்டும் லுக்கில் சேர்த்திதான்.

உங்கள் நிலையில் முடிவு இப்படி இருக்கும். இரண்டு பேர், சாமான், நெடும்பயணம், எப்போதாவது ஜவ்வாது மலையின் கெட்ட ரோடு என்றால் லோ சீட்டும் டியூப்லெஸ் ஸ்போக்கும் போட்ட ஹிமாலயன் 450. 196 கிலோ எடைதான் யோசிக்க வேண்டியது. ஷோரூமில் என்ஜினை அணைத்து, ஏறி உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அது சிரமமாக இருந்தால் ஆர்டிஎக்ஸ், 16 கிலோ குறைவு. வலு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, லேசாக இருக்க வேண்டுமென்றால் வி-ஸ்ட்ராம். பெரும்பாலும் தனியாகப் போவீர்கள் என்றால் மட்டும் கேடிஎம், அதிலும் எக்ஸ். சூப்பர் மீட்டியார் உங்கள் ரோட்டுக்கு ஒத்துவராது, மனசு கேட்கவில்லை என்றால் மலைப் பாதையை மறந்துவிட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூமில் நாலைந்து கிலோமீட்டர்தான் விடுவார்கள். கிரீன் சர்க்கிளைச் சுற்றி வருவதில் ஒன்றும் தெரியாது. ரத்தினகிரி வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்ப அனுமதி கேளுங்கள். முடிவு இரண்டு வண்டிக்கு வந்து நின்றால், பெங்களூரில் வாடகைக்குக் கிடைப்பதை ஒரு நாள் எடுத்து மனைவியோடு ஊர் வரை வந்து பாருங்கள். அவர் எப்படி ஏறுகிறார், ஒரு பக்கமாக உட்கார வேண்டியிருந்தால் அந்த உயரத்தில் முடிகிறதா, ஆம்பூர் வரும்போது இடுப்பு என்ன சொல்கிறது என்று அவரிடமே கேளுங்கள். படிக்கட்டு மாதிரி உயர்ந்த பின் சீட் போட்டோவில் நன்றாக இருக்கும், பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் உங்கள் முதுகில் சரிவார். தட்டையான அகலச் சீட்டும் இடுப்புக்குப் பின்னால் டாப் பாக்ஸின் சாய்மானமும் உள்ள வண்டிக்கு அவர் ஓட்டுப் போடுவார். புக் பண்ணும்போதே லோ சீட், சேலை கார்டோடு சேரும் ஸ்டே, பின் ரேக் மூன்றையும் ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். டெலிவரிக்குப் பிறகு தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.